மையமற்ற சமூக ஊடகமும் மேசைக்கணினிச் செயலியும்: தமிழ் இணைய வரலாற்றில் ஒரு பார்வை

மையமற்ற சமூக ஊடகம் என்பது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத சமூக வலையமைப்பு ஆகும். பல ஊர்களில் பலர் நடத்தும் தனித்தனி வழங்கிகள் ஒரு பொது நெறிமுறையின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால் இது இயங்குகிறது. மாஸ்டடான் இதற்கு இன்று பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இந்த வலையமைப்பைக் கணினித் திரையில் திறந்து படிக்கவும் எழுதவும் உதவும் மென்பொருளே மேசைக்கணினிச் செயலி. டூபா, டோக்கோடான், வேல்பேர்ட் முதலியவை இவ்வகைச் செயலிகள்.

இவற்றைப் புதுமை என்று மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். தமிழ் இணையத்தில் தடம் பதித்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் தமிழர் இணையத்தில் எழுதியவற்றுள் கணிசமான பகுதி பிறருடைய வீட்டுச் சுவரில் எழுதப்பட்டது. வீட்டுக்காரர் வீட்டை மூடியபோது எழுத்தும் போயிற்று. ஏன் அப்படி ஆயிற்று, அதற்கு மாற்று உண்டா என்பதை வரலாற்றின் துணைகொண்டு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரிந்துகொள்ள எளிதாக மூன்று சொற்களை வைத்துக்கொள்வோம். செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் நெறிமுறை சாலை. நம் எழுத்து சேமிக்கப்படும் வழங்கி வீடு. நாம் எட்டிப் பார்க்கும் செயலி சன்னல். இந்த மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றனவா, ஒரே கையில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

அஞ்சல் தந்த முன்மாதிரி

மையமற்ற அமைப்பு கணினிக் காலத்தில் தோன்றியதல்ல. 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்ததே உலக அஞ்சல் ஒன்றியம். இந்தியா 1876இல் அதில் சேர்ந்தது. அதற்கு முன் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கடிதம் அனுப்ப இரு நாடுகளுக்கிடையே தனி ஒப்பந்தம் வேண்டும். ஒன்றியம் வந்தபின் ஒவ்வொரு நாடும் தன் அஞ்சல் துறையைத் தானே நடத்திக்கொண்டது; தன் அஞ்சல் தலையைத் தானே அச்சிட்டது. ஆனாலும் இந்திய அஞ்சல் தலை ஒட்டிய கடிதம் இலண்டனிலும் சிங்கப்பூரிலும் உரியவர் கையில் சேர்ந்தது. யாரும் யாருக்கும் தலைவர் இல்லை. விதி மட்டும் பொது.

உள்நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணும் இதே வகையைச் சேர்ந்தது. 601201 என்று எழுதினால் கடிதம் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடும். பெயர் ஒரு பாதி, இடம் மறுபாதி. மின்னஞ்சல் முகவரியின் அமைப்பும் இதுவே. 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பியபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு @ குறியைத் தேர்ந்தெடுத்தார். மாஸ்டடான் கணக்கின் முகவரியும் இப்படித்தான்: முதலில் ஆளின் பெயர், அடுத்து அவர் குடியிருக்கும் வழங்கியின் பெயர்.

இந்த ஒப்புமை கும்மிடிப்பூண்டி மாணவருக்கு எளிதில் விளங்கும். இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இலங்கைத் தமிழர் முகாமும் இங்கு இருக்கிறது. சொந்தங்கள் வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் சிதறியிருக்கும் குடும்பங்கள் நிறைந்த இடம் இது. செய்தி போய்ச் சேருமா என்பது இங்கே பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

தமிழ் இணையத்தின் தொடக்கம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் ஏறியது. 1990களின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மடற்குழுவைத் தொடங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஆகியவற்றின் துணையால் உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் தமிழிலேயே மடல் எழுதினர்.

அந்த நாளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சாலை மின்னஞ்சல் நெறிமுறை. அது யாருக்கும் சொந்தமில்லை. வீடு அவரவர் மின்னஞ்சல் பெட்டி. ஒருவருக்குப் பல்கலைக்கழகம் தந்திருக்கும், இன்னொருவருக்கு இணையச் சேவை நிறுவனம் தந்திருக்கும். சன்னல் அவரவர் கணினியில் நிறுவிக்கொண்ட மென்பொருள். மூன்றும் வெவ்வேறு கைகளில் இருந்தன. குழுவில் வந்த மடலின் படி ஒவ்வோர் உறுப்பினரின் கணினியிலும் இறங்கியது. மடற்குழு நின்றுபோனாலும் படித்தவர்களிடம் படிகள் எஞ்சியிருக்கும்.

அக்காலத்தின் பெருந்தடை எழுத்துருக் குழப்பம். ஒருவர் அனுப்பிய தமிழ் மற்றவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 1999இல் சென்னையில் நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுக்கப்பட்டது. பிறகு ஒருங்குறி பரவியதும் குழப்பம் படிப்படியாகத் தீர்ந்தது. பொதுத் தரம் இருந்தால்தான் பலர் பல கருவிகளில் எழுதியும் ஒருவரையொருவர் படிக்க முடியும் என்ற பாடத்தைத் தமிழ் இணையம் தன் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஒருவரையொருவர் நேரில் பாராமலே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து உலகுக்கு இலவசமாகக் கொடுத்தனர்.

வலைப்பதிவுகளும் திரட்டிகளும்

2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். பதிவுகள் வெவ்வேறு இடங்களில் இருந்தன. அவை வெளியிட்ட செய்தியோடைகளைத் திரட்டி ஒரே பக்கத்தில் தலைப்புகளைக் காட்டுவது திரட்டியின் வேலை. செய்தியோடையும் பொது நெறிமுறையே. எனவே வாசகர் திரட்டிக்குப் போகாமல், தம் கணினியில் உள்ள ஓடைப்படிப்பானிலும் படிக்கலாம்.

இங்கும் சாலை பொதுவாகவே இருந்தது. ஆனால் வீடுகள் மெல்ல மெல்ல ஒரு சில நிறுவனங்களிடம் குவிந்தன. தமிழ்ப் பதிவர்கள் பலர் பயன்படுத்திய பிளாகர் சேவையைக் கூகுள் 2003இல் வாங்கியிருந்தது. சன்னல்களிலும் கூகுள் ரீடர் பெரிதாக வளர்ந்தது. 2013 சூலை 1 அன்று அதைக் கூகுள் மூடியது. ஓடைகள் அழியவில்லை, வேறு படிப்பானுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஒரே சன்னலில் பார்த்துப் பழகியவர்களில் பலர் மாறாமல் முகநூலுக்குப் போய்விட்டனர்.

பிறர் வீட்டுச் சுவர்கள்

சமூக ஊடக நிறுவனங்கள் சாலை, வீடு, சன்னல் மூன்றையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தன. பயன்பாடு எளிதாயிற்று, கட்டணமும் இல்லை. அதனால் கூட்டம் சேர்ந்தது. ஆனால் வேலிக்கு வெளியே நம் எழுத்துக்கு வாழ்வில்லை என்றாயிற்று.

2004இல் தொடங்கிய ஆர்குட் இந்தியாவில் பெருவரவேற்புப் பெற்றது. தமிழ்க் குழுக்கள் பலவும் அதில் இயங்கின. 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. பொதுக் குழுக்களின் காப்பகம் சில காலம் வைக்கப்பட்டிருந்து பின்னர் அதுவும் நீக்கப்பட்டது. 2011இல் வந்த கூகுள் பிளஸ் தளத்தில் தமிழில் நீண்ட விவாதங்கள் நடந்தன. 2019 ஏப்ரல் 2 அன்று பொதுமக்களின் கணக்குகள் மூடப்பட்டன. பெங்களூரில் 2020இல் தொடங்கிய கூ என்ற இந்தியச் செயலி இந்திய மொழிகளுக்கு முதலிடம் தருவதாகச் சொல்லி வளர்ந்தது. தமிழிலும் எழுத இடம் தந்தது. 2024 சூலையில் அதுவும் நின்றது.

கூவின் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் என்பதால்தான் சிக்கல், உள்நாட்டு நிறுவனம் என்றால் தீரும் என்று சிலர் கருதினர். நிறுவனம் எந்த நாட்டினுடையது என்பது வேறு கேள்வி. மூன்றும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை தளரும்போது மூன்றும் சேர்ந்தே விழும்.

2021 அக்டோபர் 4 அன்று இரவு ஒன்பது மணியளவில் முகநூல், வாட்சப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. அந்நிறுவனத்தின் உள் வலையமைப்பில் நடந்த ஒரு மாற்றத்தால் அதன் வழங்கிகளுக்குச் செல்லும் வழியே இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் அந்தச் சேவைகள் இல்லை. அதே நேரத்தில் மின்னஞ்சல் வழக்கம்போல் இயங்கியது. ஒரு மின்னஞ்சல் வழங்கி பழுதானால் அதன் பயனர்களுக்கு மட்டுமே தடை. உலகத்தின் மின்னஞ்சல் அனைத்தும் ஒரே நொடியில் நிற்க வழியில்லை.

மூடப்பட்ட சன்னல்கள்

வீடு மூடப்பட்ட கதை பலருக்குத் தெரியும். சன்னல் மூடப்பட்ட கதை அவ்வளவாகத் தெரியாது. மேசைக்கணினிச் செயலியின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

ட்விட்டர் 2006இல் தொடங்கியது. 2007 தொடக்கத்தில் ஐகான்ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் ஆப்பிள் மேசைக்கணினிக்கு ட்விட்டரிஃபிக் என்ற செயலியை வெளியிட்டது. ட்விட்டரின் அடையாளமாக உலகம் பின்னாளில் அறிந்த பறவைச் சின்னத்தை முதலில் பயன்படுத்தியது இந்த வெளியார் செயலியே. 2008இல் இயன் டாட்ஸ்வொர்த் ட்வீட்டெக் என்ற செயலியை உருவாக்கினார். பல பத்திகளில் பல தலைப்புகளை ஒரே நேரத்தில் காட்டும் அதைச் செய்தியாளர்கள் விரும்பினர். ட்விட்டர் 2011இல் அதை விலைக்கு வாங்கியது.

2012 ஆகஸ்டில் ட்விட்டர் விதிகளை இறுக்கியது. வெளியார் உருவாக்கும் புதிய செயலி ஒரு லட்சம் பயனர்களைத் தாண்டத் தனி அனுமதி வேண்டும் என்றது. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்தார். 2023 சனவரியில் முன்னறிவிப்பின்றி வெளியார் செயலிகள் வேலை செய்யாமல் நின்றன; சில நாள் கழித்து அவற்றைத் தடை செய்யும் விதி எழுதப்பட்டது. 16 ஆண்டுகள் இயங்கிய ட்விட்டரிஃபிக் அத்தோடு முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்வீட்டெக்கும் கட்டணம் செலுத்துவோருக்கு மட்டும் என்றாயிற்று.

எழுத்து அழியவில்லை, செயலிதானே போயிற்று என்று சிலர் கேட்கலாம். ஒருவர் எதை முதலில் பார்க்கிறார், விளம்பரம் எத்தனை வருகிறது, எழுத்தின் அளவு கண்ணுக்கு ஏற்றதா, பார்வையற்றவர் திரைபடிப்பானைக் கொண்டு படிக்க முடிகிறதா என்பதையெல்லாம் சன்னல்தான் முடிவு செய்கிறது. ஒரே சன்னல்தான் உண்டு என்றால் நம் பார்வையைச் சன்னல் வைத்தவர் நடத்துகிறார்.

மையமற்ற வலையின் பிறப்பு

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தனர். 2008 சூலையில் கனடாவைச் சேர்ந்த எவன் புரோட்ரமோ ஐடெண்டிகா என்ற குறுஞ்செய்தித் தளத்தைத் தொடங்கினார். அதன் மென்பொருளை எவரும் எடுத்துத் தம் வழங்கியில் நிறுவலாம். 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் டயஸ்போரா என்ற திட்டத்தை அறிவித்தனர். 10,000 டாலர் கேட்டார்கள். மக்கள் 2,00,000 டாலருக்கு மேல் கொடுத்தனர். எதிர்பார்த்த வேகத்தில் அது வளரவில்லை. 2012இல் அதைத் தன்னார்வலர் சமூகத்திடம் ஒப்படைத்தனர். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் பாடரி என்ற பெயரில் ஒரு டயஸ்போரா வழங்கியை நடத்தினர்.

2016இல் செருமனியைச் சேர்ந்த ஆய்கன் ராக்கோ மாஸ்டடானை வெளியிட்டார். யானையைப் போன்ற, அழிந்துபோன ஒரு விலங்கின் பெயர் அது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 சனவரி 23 அன்று ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் எவன் புரோட்ரமோ. மாஸ்டடானில் இருப்பவர் படங்களுக்கான பிக்சல்ஃபெட்டில் இருப்பவரையும், காணொளிகளுக்கான பியர்டியூபில் இருப்பவரையும் பின்தொடர முடிவது இந்தப் பொதுச் சாலையால்தான். இந்தக் கூட்டு வலைக்கு ஃபெடிவர்ஸ் என்று பெயர்.

இந்தியாவில் மாஸ்டடான் பரவலாகப் பேசப்பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. நாசி வணக்கம் செய்ய மறுத்துக் கைகட்டி நிற்கும் ஒரு தொழிலாளியின் புகழ்பெற்ற படத்தை அவர் வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். அதைக் கண்டித்துப் பலர் மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினர். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டனர். 2022இல் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் உலக அளவில் அடுத்த அலை எழுந்தது. மாதந்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் அந்த ஆண்டு நவம்பரில் 25 லட்சத்தை எட்டினர். பிறகு அந்த எண்ணிக்கை குறைந்தது. ஆனால் வலையமைப்பு நிலைத்துவிட்டது.

மேசைக்கணினியில் முதல் அனுபவம்

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் சிறு தொடர்பு உண்டு. அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இம்மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சு என்ற இயங்குதளமும் இருந்தது. சீடாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இந்தியப் பதிப்பு அது. பள்ளியில் பணியாற்றியபோது நான் கண்டவரை மாணவர்கள் பெரும்பாலும் விண்டோசையே திறந்தனர். கட்டற்ற மென்பொருள் கைக்கு வந்தும் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தர நம்மிடம் பாடவேளை இல்லை.

இக்கட்டுரைக்காகக் கும்மிடிப்பூண்டியில் என் வீட்டிலுள்ள பழைய மேசைக்கணினியில் லினக்சு நிறுவி, டூபா செயலியைச் சில வாரம் பயன்படுத்தினேன். எலிமென்டரி இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட டூட்டில் என்ற செயலியிலிருந்து கிளைத்தது டூபா. முதன்மையாக லினக்சுக்கானது. டோக்கோடான் கேடீஈ குழுவின் படைப்பு. வேல்பேர்ட் விண்டோசிலும் மேக்கிலும் இயங்கும்.

செயலியைத் திறந்தவுடன் அது கேட்ட முதல் கேள்வி, உன் வழங்கி எது என்பது. முகநூலில் பழகியவருக்கு இந்தக் கேள்வியே புதிது. முகவரியைத் தந்ததும் உலாவி திறந்து அனுமதி கேட்டது. கடவுச்சொல்லை வழங்கியிடம்தான் கொடுக்கிறோம், செயலியிடம் கொடுப்பதில்லை. வேண்டாம் என்றால் அனுமதியைத் திரும்பப் பெறலாம்.

அடுத்துக் கண்டது வெறுமை. யாரையும் பின்தொடராதவரை முகப்புப் பக்கத்தில் ஒன்றும் வராது. இவரைப் பார், அதைப் பார் என்று தள்ளும் கணக்கீடு இல்லை. பின்தொடர்ந்தவர்களின் இடுகைகள் எழுதிய நேர வரிசையில் வருகின்றன. கடைசி இடுகை வரை படித்துவிட்டால் முடிந்தது. விளம்பரம் இல்லை. முதல் இரண்டு நாள் இது சலிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் நாளிதழைப் படித்து மடித்து வைப்பதுபோல் இருந்தது.

தமிழாசிரியர்கள் மகிழ ஒரு செய்தி உண்டு. மாஸ்டடானில் ஓர் இடுகைக்கு வழக்கமான எல்லை 500 எழுத்து. அதை வழங்கி எண்ணும் முறை தமிழ் இலக்கணத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. "தமிழ்" என்ற சொல்லில் த, மி, ழ் என மூன்று எழுத்து. மாஸ்டடான் அதை மூன்றாகவே எண்ணுகிறது. ட்விட்டர் ஒருங்குறிப் புள்ளிகளை எண்ணுவதால் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே சேர்ந்து அதே சொல் ஐந்தாகிறது. அந்தக் கணக்கில் தமிழில் எழுதுபவருக்கு இடம் சுருங்குகிறது.

மேசைக்கணினியில் எழுதுவதே தனி நன்மை. தமிழ் 99 விசைப்பலகையில் பத்து விரலாலும் தட்டும்போது வாக்கியம் முழுமையாக வருகிறது. கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதும்போது சொல் குறைகிறது. படத்தைப் பதிவேற்றினால் அதற்கு விளக்கம் எழுதுவது இந்த வலையில் வழக்கமாகவே இருக்கிறது. பார்வையற்ற மாணவர் ஒருவரேனும் படிக்கிறார் என்றால் அந்த ஒரு வரி வீண் அல்ல.

சோதனைக்காக அதே கணக்கை டோக்கோடானிலும் திறந்தேன். அதே இடுகைகள், அதே நண்பர்கள். சன்னல் மட்டும் வேறு. சன்னலை மாற்றினாலும் வீடு மாறவில்லை. 2023இல் ட்விட்டர் பயனர்கள் இழந்தது இந்த உரிமையைத்தான்.

குறைகள்

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். முதற்குறை தமிழ்க் கூட்டம் இல்லாமை. மாஸ்டடானின் இடைமுகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழில் எழுதுவோர்தாம் குறைவு. குறிச்சொற்களைப் பின்தொடரும் வசதி 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. தமிழ்க் குறிச்சொற்களைப் பின்தொடர்ந்தும் நாளுக்குச் சில இடுகைகளே கண்ணில் பட்டன. உறவினரும் மாணவரும் இல்லாத இடத்தில் எத்தனை நல்ல நெறிமுறை இருந்தென்ன என்ற கேள்வி நியாயமானது.

இரண்டாவது, வழங்கியை நடத்துவோரின் சுமை. மின்சாரம், இணையம், சேமிப்பகம், கண்காணிப்பு எல்லாம் தனிமனிதர் தலையில் விழலாம். பலருக்குத் தெரிந்த மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற வழங்கி 2022 இறுதியில் மூடப்பட்டது. அதை நடத்தியவர் தொடர இயலாது என்று முன்கூட்டியே அறிவித்தார். அறிவிப்பு இருந்ததால் உறுப்பினர் வேறு வழங்கிக்கு மாறினர். மாறும்போது பின்தொடர்வோர் கூடவே வருவர். பழைய இடுகைகள் புதிய வழங்கிக்கு வருவதில்லை. அவற்றின் காப்பகப் படியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள மட்டுமே முடியும். ஆகவே மையமற்ற வலையிலும் எழுத்துக்கு இறப்பு உண்டு.

மூன்றாவது, தீயோர் நுழைவு. 2014இல் ட்விட்டரிலிருந்து நீக்கப்பட்ட பயங்கரவாத அமைப்பினர் டயஸ்போரா வழங்கிகளுக்கு வந்தனர். எல்லாவற்றையும் ஒரே பொத்தானால் நீக்கும் தலைமை அங்கு இல்லை. ஒவ்வொரு வழங்கியின் பொறுப்பாளரும் தனித்தனியே நீக்க வேண்டியிருந்தது. 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்பெற்ற கேப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டபோது மற்ற வழங்கிகள் அதனுடன் தொடர்பைத் துண்டித்தன. சாலை பொது என்பதால் எவரும் வரலாம். வீட்டுக் கதவைத் திறப்பதா என்பதை வீட்டில் இருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

மாணவர் கவனிக்க வேண்டியவை

முப்பது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் ஒரு நிலை தெளிவாகிறது. மடற்குழுவில் எழுதியோரின் மடல்கள் பல பெட்டிகளில் பரவியிருந்தன. வலைப்பதிவில் எழுதியவர் ஓடையின் வழியாகப் பல சன்னல்களில் படிக்கப்பட்டார். ஆர்குட்டிலும் கூகுள் பிளஸ்சிலும் கூவிலும் எழுதியவரிடம், அவரே எடுத்து வைக்காதவரை, ஒன்றும் மிஞ்சவில்லை. மென்பொருளின் தரம் இதற்குக் காரணம் அல்ல. சாலையும் வீடும் சன்னலும் யார் கையில் இருந்தன என்பதே காரணம்.

எனவே புதிய சமூக ஊடகம் ஒன்றில் சேரும் மாணவர் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இங்கே இருப்பவர் வெளியே உள்ளவரோடு பேச முடியுமா? இந்த இடம் பிடிக்காவிட்டால் நண்பர்களை இழக்காமல் வேறு இடத்துக்கு மாற முடியுமா? எனக்குப் பிடித்த செயலியில் இதைத் திறக்க முடியுமா? மூன்றுக்கும் இல்லை என்பதே விடை என்றால் சேரக் கூடாது என்பதில்லை. குடும்பமும் நட்பும் அங்கே இருந்தால் நாமும் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே எழுதும் எதுவும் இரவல் இடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பள்ளிகளும் நூலகங்களும் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கணினி அறிவியல் பயிலும் மேல்நிலை மாணவர்கள் ஒரு வழங்கியை நிறுவிப் பார்க்கலாம். ஊரின் வாய்மொழி வரலாறு, தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த நிலங்கள் எப்படி இருந்தன என்ற முதியோர் நினைவு, வேலைக்கு வந்தோரின் மொழிச் சொற்கள் ஆகியவற்றை அதில் தொகுக்கலாம். சிறிய வழங்கியாக இருந்தாலும் அதில் எழுதியதை உலகின் எந்த மூலையிலிருந்தும் பின்தொடரலாம்.

அதுவரை எவரும் இன்றே செய்யக்கூடிய எளிய வேலை, தம் எழுத்தின் படியை எடுத்து வைப்பது. மாஸ்டடானில் ஏழு நாளுக்கு ஒருமுறை முழுக் காப்பகத்தைக் கேட்டுப் பெறலாம். முகநூலும் கூகுளும்கூடத் தரவிறக்க வழி வைத்துள்ளன. பனையோலை செல்லரிக்கும் முன் படியெடுத்து வைத்ததால்தான் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. கணினி எழுத்துக்கும் அந்தப் படியெடுக்கும் பழக்கம் வேண்டும்.